படகில் ஆயுதம் உண்டா? – ஒரு கேள்வியின் வரலாறு

அமெரிக்கக் கரையோரக் கடலில் சொந்தப் படகில் உலவப் போகிறவர்கள் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளக்கூடிய காட்சி ஒன்று உண்டு. விடுமுறை நாள். குடும்பமும் நண்பர்களும் படகில் இருக்கிறார்கள். கடலோரக் காவல்படையின் படகு ஒன்று நீல விளக்கைச் சுழலவிட்டபடி நெருங்கி வருகிறது. வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். அதிகாரி தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பிறகு, பெரும்பாலும் படகில் கால்வைப்பதற்கு முன்பாகவே, ஒரு கேள்வி வருகிறது: "படகில் ஆயுதம் ஏதேனும் இருக்கிறதா?"

இருக்கிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி, எங்கே என்பது. எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. காட்ட முனைவதுதான் ஆபத்து. இடத்தைச் சொல்லிவிட்டு அதன் அருகே போகாமலிருந்தால் போதும். அதன்பின் அதிகாரி ஏறி வந்து தம் வேலையைத் தொடங்குகிறார். ஆளுக்கொன்றாக உயிர்காப்பு அங்கிகள் உள்ளனவா, தீயணைப்பான் வேலை செய்கிறதா, ஆபத்துக் காலத்தில் கொளுத்தும் ஒளிச் சமிக்ஞைகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா, ஊதல் உண்டா, விளக்குகள் எரிகின்றனவா, பதிவுச் சான்றிதழ் கைவசம் உள்ளதா எனப் பார்க்கிறார். ஒரு படிவத்தை நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போகிறார்.

இந்தச் சாதாரணக் காட்சியில் இரண்டு விந்தைகள் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. முதலாவது, அந்த அதிகாரிக்கு எந்தச் சந்தேகமும் தேவையில்லை. படகோட்டி தவறு செய்தார் என்று அவர் நினைக்க வேண்டியதில்லை. நீதிபதியிடம் சோதனை ஆணையும் பெற வேண்டியதில்லை. இதையே சாலையில் ஒரு காரிடம் காவலர் செய்தால் அரசியலமைப்புச் சட்டத்துக்கு விரோதம். இரண்டாவது, படகோட்டியிடம் துப்பாக்கி இருப்பது பெரும்பாலும் குற்றமல்ல. உல்லாசப் படகில் துப்பாக்கி வைத்திருப்பதைப் பொதுவாகத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் அங்கில்லை. எந்த மாநிலத்தின் நீரில் படகு மிதக்கிறதோ அந்த மாநிலத்தின் சட்டமே முதன்மையாகப் பேசுகிறது. ஆக, எந்தத் தவறும் செய்யாத, ஆனால் ஆயுதம் வைத்திருக்கக்கூடிய ஒரு குடிமகனும், எந்தச் சந்தேகமும் இல்லாத, ஆனால் ஆயுதம் தாங்கிய ஓர் அதிகாரியும், ஆடிக்கொண்டிருக்கும் சில அடி அகலத் தளத்தில் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இத்தகைய சந்திப்புகள் ஏறத்தாழ எல்லாமே அமைதியாக முடிந்துவிடுகின்றன. அது எப்படி என்று கேட்டால் 250 ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

*

அமெரிக்கப் புரட்சியின் கதையைத் தேயிலையிலிருந்து தொடங்குவது வழக்கம். படகுச் சோதனையிலிருந்தும் தொடங்கலாம். கடத்தல் சரக்கைத் தேடுவதற்காகப் பிரித்தானியச் சுங்க அதிகாரிகளுக்குப் பொது ஆணைகள் வழங்கப்பட்டிருந்தன. இன்னார் வீடு, இன்ன பொருள் என்ற வரையறை அவற்றில் கிடையாது. ஆணையைக் கையில் வைத்திருப்பவர் எங்கும் நுழையலாம். 1761 பிப்ரவரியில் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்ற வழக்கறிஞர் அவ்வாணைகளை எதிர்த்து மணிக்கணக்கில் வாதாடினார். வழக்கில் தோற்றார். அதை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த இளம் வழக்கறிஞர் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவர், விடுதலை என்ற குழந்தை அன்று அந்த அறையில்தான் பிறந்தது என்ற பொருள்பட முதுமையில் எழுதினார்.

குழந்தை வளர்ந்தது கடலோரத்தில். 1768 ஜூனில் ஜான் ஹான்காக்கின் 'லிபர்ட்டி' என்ற பாய்மரக் கப்பலைச் சுங்கத்துறை கைப்பற்றியபோது பாஸ்டனில் கலகம் மூண்டது. கைப்பற்றிய கப்பலையே பிரித்தானியர் சோதனைக் கப்பலாக மாற்றி ரோட் தீவுப் பக்கம் அனுப்பினர். 1769 ஜூலையில் நியூபோர்ட் மக்கள் அதைக் கொளுத்தினர். மூன்றாண்டுகள் கழித்து, அதே நாரகன்செட் வளைகுடாவுக்கு 'காஸ்பி' என்ற இன்னொரு சோதனைக் கப்பல் வந்தது. அதன் தலைவர் லெப்டினன்ட் வில்லியம் டடிங்ஸ்டன் கடுமையானவர். கண்ணில் பட்ட படகுகளையெல்லாம் நிறுத்திச் சோதித்தார். 1772 ஜூன் 9ஆம் நாள் 'ஹன்னா' என்ற படகைத் துரத்திப் போனபோது காஸ்பி மணல்திட்டில் சிக்கிக்கொண்டது. அன்றிரவு பிராவிடன்ஸ் நகரிலிருந்து நீள்படகுகளில் ஆட்கள் வந்தனர். டடிங்ஸ்டன் சுடப்பட்டுக் காயமடைந்தார். அவரையும் மாலுமிகளையும் கரையேற்றிவிட்டுக் கப்பலுக்குத் தீ வைத்தார்கள். அரசர் விசாரணைக் குழுவை அமைத்தார். ஊரே அறிந்திருந்த பெயர்களைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை; எவரும் தண்டிக்கப்படவுமில்லை.

அன்று நீள்படகில் வந்தவர்களின் கண்ணோட்டத்தில் பார்த்தால், படகில் ஏற வருகிற அதிகாரி கொடுங்கோன்மையின் உருவம். குடிமகன் கையிலுள்ள துப்பாக்கி அதற்கு விடை. அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தமும் (ஆயுதம் வைத்திருக்கும் உரிமை) நான்காம் திருத்தமும் (காரணமற்ற சோதனையிலிருந்து பாதுகாப்பு) ஒரே நினைவிலிருந்து கிளைத்தவை என்று சொன்னால் அது பெரிய மிகையல்ல.

*

ஆனால் வரலாறு இங்கே ஒரு திருப்பம் கொள்கிறது. புரட்சி வென்றது, புதிய அரசுக்குப் பணம் வேண்டியிருந்தது. அன்றைய வருவாயில் பெரும்பங்கு இறக்குமதிச் சுங்கத்திலிருந்தே வர வேண்டும். பிரித்தானியருக்குச் சுங்கம் கட்டாமல் ஏய்ப்பதைத் தேசபக்தியாகப் பழகியிருந்த கடலோர மக்கள், சொந்த அரசுக்கும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தால் கருவூலம் காலிதான். முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் பத்து ரோந்துப் படகுகள் கேட்டார். 1790 ஆகஸ்ட் 4 அன்று காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 'கட்டர்' என்று அழைக்கப்பட்ட அப்படகுகளின் அதிகாரிகள் துறைமுகத்திலும், நாட்டை நோக்கி வரும் கப்பலானால் கரையிலிருந்து நான்கு லீக் தூரம், அதாவது ஏறத்தாழ 12 கடல் மைல் வரையிலும், ஏறிச் சோதிக்கலாம். ஆணை வேண்டியதில்லை, சந்தேகமும் வேண்டியதில்லை.

தேதிகளைக் கவனிக்க வேண்டும். நான்காம் திருத்தத்தின் வாசகத்தை 1789 செப்டம்பரில் மாநிலங்களுக்கு அனுப்பிவைத்ததும் இதே காங்கிரஸ்தான். சில மாத இடைவெளியில் வீட்டுக்குள் நுழையும் அதிகாரியைத் தடுத்த கை, படகில் ஏறும் அதிகாரியை அனுமதித்தது. காஸ்பியைக் கொளுத்திய தலைமுறையே தனக்கென ஒரு காஸ்பியைக் கட்டிக்கொண்டது எனலாம்.

இந்த முரணை நன்கு உணர்ந்தவர் ஹாமில்டன். ஒவ்வொரு கட்டருக்கும் பத்து மஸ்கட் துப்பாக்கிகளும் இருபது கைத்துப்பாக்கிகளும் ஒதுக்கப்பட்டன. ஆனால் 1791 ஜூன் 4 அன்று அவர் கட்டர் தலைவர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை துப்பாக்கியைக் காட்டிலும் முக்கியமானது என்று நாம் எண்ணுகிறோம். அதன் சாரம் இது. உங்கள் நாட்டவர் சுதந்திர மனிதர்கள் என்பதை எப்போதும் மனத்தில் வையுங்கள். அதிகாரத் தோரணையின் சிறு நிழல் கூட அவர்களுக்குப் பொறுக்காது. இறுமாப்பும் முரட்டுத்தனமும் அவமதிப்பும் உங்களிடம் தலைகாட்டக் கூடாது. தடை வந்தால் சினத்தாலும் வன்முறையாலும் அன்றி, நிதானத்தாலும் விடாமுயற்சியாலும் வெல்லுங்கள்.

சட்டம் கொடுக்காத பாதுகாப்பை நடத்தை கொடுக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்த்தார். சோதனைக்கு வரம்பு இல்லை. ஆகவே சோதிப்பவரின் குணத்துக்கு வரம்பு வேண்டும். கடலோரக் காவல்படையினர் இன்றளவும் இக்கடிதத்தைத் தங்கள் முன்னோர் சொத்தாக எடுத்துக்காட்டுகிறார்கள். அதைப் போற்றுவது எளிது, பின்பற்றுவது கடினம் என்பதை அடுத்த நூற்றாண்டு காட்டிற்று.

*

1915இல் இந்தக் கட்டர் படையும், கரையோரத்தில் கவிழும் கப்பல்களிலிருந்து மனிதர்களை மீட்டுவந்த உயிர்மீட்புப் பணியும் ஒன்றாக்கப்பட்டு இன்றைய கடலோரக் காவல்படை உருவாயிற்று. கைது செய்ய வருகிற படகும் காப்பாற்ற வருகிற படகும் அன்றுமுதல் ஒன்றே. ஐந்தாண்டுகளுக்குள் மதுவிலக்கு வந்தது. 1920 முதல் 1933 வரை, முன்பு மீன் பிடித்த, உல்லாசம் போன சிறு படகுகள் பலவும் கனடா, பஹாமாஸ் சரக்கை இரவில் கரைசேர்த்தன. வேடிக்கைக்குப் போகிறவன் யார், கடத்துகிறவன் யார் என்று வெளித்தோற்றத்தில் தெரியாத நிலை அப்போது உண்டானது.

இரண்டு நிகழ்வுகளை நினைவுகூரலாம். 1927 ஆகஸ்ட் 7 அன்று, ஃப்ளோரிடாவுக்கும் பிமினித் தீவுக்கும் இடைப்பட்ட கடலில், காவல்படையின் சிறு ரோந்துப் படகு ஒன்று ஒரு மோட்டார் படகை நிறுத்தியது. மது அகப்பட்டது. ஆட்களைத் தம் படகுக்கு மாற்றினார்கள். அவர்களில் ஜேம்ஸ் ஹொரேஸ் ஆல்டர்மன் என்பவரிடம் ஒரு கைத்துப்பாக்கி வந்து சேர்ந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேலிடத்துக்கு வானொலியில் தகவல் சொல்லத் திரும்பிய அதிகாரி பின்னாலிருந்து சுடப்பட்டார். மேலும் ஒரு காவல்படை வீரரும், உடன் பயணம் செய்த ரகசியச் சேவை அதிகாரி ஒருவரும் இறந்தனர். எஞ்சியவர்கள் அவரை மடக்கிப் பிடித்தனர். 1929 ஆகஸ்டில் ஃபோர்ட் லாடர்டேலில் இருந்த காவல்படைத் தளத்திலேயே ஆல்டர்மன் தூக்கிலிடப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 29 அதிகாலை. இடம், மறுபடியும் நியூபோர்ட்டை ஒட்டிய நாரகன்செட் வளைகுடாப் பகுதி. மூடுபனியில் வந்த 'பிளாக் டக்' என்ற விசைப்படகின்மீது காவல்படைப் படகின் இயந்திரத் துப்பாக்கி சுட்டது. அதிலிருந்த மூவர் இறந்தனர். ஒருவர் காயத்துடன் பிழைத்தார். படகில் மது இருந்தது உண்மை. ஆனால் மதுவுக்காக மூன்று உயிரா என்று நியூ இங்கிலாந்து கொதித்தது. புரட்சிக்காலக் கூட்டங்கள் நடந்த பாஸ்டனின் ஃபானியல் ஹாலில் கண்டனக் கூட்டம் கூடியது. சுட்டவர்கள்மீது வழக்கு நிற்கவில்லை. காஸ்பி எரிந்த நீருக்கு வெகு தொலைவில்லாத நீரில், இம்முறை குடிமக்களின் சொந்தப் படகே சுட்டது.

இன்றைய அதிகாரி கேட்கும் அந்த முதல் கேள்வி இவ்விரு நிகழ்வுகளுக்கும் நடுவே நிற்பதாக நமக்குப் படுகிறது. கேட்காமல் விட்டால் ஆல்டர்மன் கதை நிகழலாம். கேட்க நேரம் தராமல் சுட்டால் பிளாக் டக் கதை நிகழும்.

*

மதுவிலக்கு போயிற்று, அதிகாரம் போகவில்லை. 1936இல் காவல்படையின் ஏறிச் சோதிக்கும் அதிகாரம் விரிந்த சொற்களில் சட்டமாயிற்று. இன்றும் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 14ஆம் தலைப்பில் அது நீடிக்கிறது. போருக்குப் பிந்தைய செழிப்பில் உல்லாசப் படகுகள் பெருகின, விபத்துகளும் பெருகின. 1971இல் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அன்றுமுதல் ஏறி வருவதற்குச் சுங்கத்தோடு இன்னொரு நியாயமும் வலுவாகச் சேர்ந்தது: உயிர்காப்பு அங்கி. மிகவும் ஆபத்தான குறைபாடு இருந்தால் பயணத்தை அங்கேயே முடித்துக் கரைக்குத் திரும்பச் சொல்லவும் அதிகாரிக்கு உரிமை உண்டு. இந்த நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கடலில் அங்கி இல்லாதவர் மூழ்குகிறார் என்பது எந்த அரசியலுக்கும் கட்டுப்படாத உண்மை.

பாதுகாப்பு என்று ஏறி வந்த கண், குற்றத்தைக் கண்டால் என்ன செய்வது? 1980 மார்ச்சில் லூசியானா மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை உள்நாட்டுத் துறைமுகத்தோடு இணைக்கும் கால்வாயில் 'ஹென்றி மார்கன் II' என்ற 40 அடிப் பாய்மரப் படகு நின்றிருந்தது. ஒரு பெரிய சரக்குக் கப்பல் கிளப்பிய அலையில் அது தள்ளாடியது. அவ்வழியே வந்த சுங்க அதிகாரிகள், எல்லாம் நலமா என்று குரல் கொடுத்தார்கள். தளத்தில் நின்றவர் தோளைக் குலுக்கினார், பதிலில்லை. ஆவணங்களைப் பார்க்கவென்று ஏறினார்கள். கஞ்சா வாடை வீசியது. திறந்திருந்த வாயில் வழியே மூட்டைகள் தெரிந்தன. மொத்தம் 5,800 பவுண்டு.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நான்காண்டுகளுக்கு முன்புதான், 1979இல், சந்தேகமின்றிக் காரை நிறுத்தி உரிமம் கேட்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. 1983 ஜூனில் படகு வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ரென்குவிஸ்ட் இரண்டு காரணங்கள் காட்டினார். கடலில் சாலைபோல் சோதனைச்சாவடி அமைக்க முடியாது என்பது ஒன்று. நான்காம் திருத்தத்தை உருவாக்கிய அதே காங்கிரஸ்தான் 1790 சட்டத்தையும் இயற்றியது, ஆகவே அவர்கள் இதைத் தவறென்று கருதவில்லை என்பது மற்றொன்று. மாறுபட்ட நீதிபதி பிரென்னன் எச்சரித்தார்: எந்த நெறியும் எந்தக் கட்டுப்பாடும் இன்றி, தனி அதிகாரியின் விருப்பப்படியே ஒருவரை நிறுத்தலாம் என்று நீதிமன்றம் முதன்முறையாக ஒப்புக்கொள்கிறது.

*

துப்பாக்கியின் கதை தனித் தடத்தில் வந்தது. கரையை விட்டுத் தொலைவு போகிறவர்கள், உதவிக்கு ஆளில்லாத இடத்தில் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். சுறாவுக்கும் கொள்ளையருக்கும் அஞ்சியே வைத்திருக்கிறோம் என்பார்கள். எதிர்வாதமும் படகோட்டிகளிடையே எப்போதும் உண்டு. நியூசிலாந்தின் புகழ்பெற்ற பாய்மர வீரர் சர் பீட்டர் பிளேக் 2001 டிசம்பரில் அமேசான் முகத்துவாரத்தில் மகாபா அருகே நங்கூரமிட்டிருந்தபோது ஆயுதமேந்திய கொள்ளையர் ஏறினர். அவர் துப்பாக்கி எடுத்துச் சுட்டார். ஒருவனின் கையில் பட்டது, பிறகு துப்பாக்கி சிக்கிக்கொண்டது, அவர் கொல்லப்பட்டார். ஆயுதம் இருந்தும் காக்கவில்லை என்று ஒரு சாராரும், ஆயுதம் பழுதானதே காரணம் என்று மறுசாராரும் இதே நிகழ்வை மேற்கோள் காட்டுகிறார்கள்.

எல்லை தாண்டினால் சட்டமும் மாறிவிடுகிறது. பஹாமாஸில் நுழைந்ததும் துப்பாக்கியின் தொடர் எண்ணையும், தோட்டாக்களின் துல்லியமான எண்ணிக்கையையும் சுங்கத்தில் எழுதித் தர வேண்டும். பூட்டிப் படகிலேயே வைக்க வேண்டும். மெக்சிகோவில் முன்னனுமதி இல்லாவிட்டால் சிறைதான். நமக்கு நினைவிருக்கும் நிகழ்வு ஒன்றும் உண்டு. அது உல்லாசப் படகல்ல, ஆயினும் கேள்வி அதேதான். 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்கு அப்பால் இந்தியக் கடலோரக் காவல்படை 'சீமேன் கார்டு ஓஹியோ' என்ற கப்பலைத் தடுத்து நிறுத்தியது. 35 பேரும் துப்பாக்கிகளும் ஆயிரக்கணக்கில் தோட்டாக்களும் இருந்தன. கடற்கொள்ளையருக்கு எதிரான காவல்பணி என்றார்கள் அவர்கள். உரிய அனுமதியின்றி நம் கடலில் ஆயுதம் என்றது வழக்கு. 2016இல் ஐந்தாண்டுத் தண்டனை; 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடுதலை அளித்தது. "ஆயுதம் உண்டா" என்ற கேள்விக்கு விடை காண நான்கு ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவில் துப்பாக்கி உரிமை அண்மைக் காலத்தில் மேலும் விரிந்தது. 2008இல் ஹெல்லர் வழக்கு வீட்டிலும், 2022இல் புரூயன் வழக்கு வெளியிலும் ஆயுதம் வைத்திருப்பதைத் தனிமனித உரிமையாக உறுதிசெய்தன. புரூயன் தீர்ப்பு கையாண்ட அளவுகோல் வரலாறுதான்: நாட்டின் தொடக்க மரபில் இத்தகைய கட்டுப்பாடு இருந்ததா என்று கேட்டது. இங்கேதான் நம் கட்டுரையின் முடிச்சு இறுகுகிறது. 1983இல் படகில் ஏற அதிகாரிக்கு வழிவிட்டதும் அந்தத் தலைமுறையின் வரலாறு. 2022இல் குடிமகனிடம் துப்பாக்கியை உறுதிசெய்ததும் அதே தலைமுறையின் வரலாறு. முன்னோர் என்ன செய்தார்கள் என்று கேட்டால் அவர்கள் இரண்டையும் செய்தார்கள். ஒரு கையால் கப்பலைக் கொளுத்தினார்கள். மறு கையால் கட்டர் கட்டினார்கள். முரண்பட்ட முன்னோரிடம் ஒரே விடை கேட்பது வரலாற்றிடம் அதிகம் கேட்பதாகும்.

*

எதிர்ப்பு தொடர்கிறது. 2025இல் ஃப்ளோரிடா மாநிலம், பாதுகாப்புச் சோதனைக்காக மட்டுமே படகை நிறுத்துவதற்குத் தடை விதித்தது. ஜூலை 1 முதல் அங்கே மாநில, உள்ளூர் அதிகாரிகள் தக்க காரணம் காட்டியே நிறுத்த முடியும். ஆனால் கூட்டாட்சியின் கடலோரக் காவல்படையை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆகவே அதே நீரில் ஒரு சீருடைக்குக் காரணம் வேண்டும். இன்னொரு சீருடைக்கு வேண்டாம். ஓட்டிஸ் எழுப்பிய வாதம் 264 ஆண்டுகள் கழித்தும் பாதிதான் வென்றிருக்கிறது.

நம் சார்பு என்னவென்று வாசகர் கேட்கக்கூடும். காரணமின்றி எவரையும் நிறுத்தும் அதிகாரம் எந்தச் சமூகத்திலும் எளியவரையே முதலில் தொடும் என்பது நம் அனுபவம். அந்த வகையில் பிரென்னனின் எச்சரிக்கை பக்கம் சாய்கிறோம். அதே சமயம், துப்பாக்கி அந்த அதிகாரத்துக்கு மருந்தாகும் என்பதையும் நாம் நம்பவில்லை. 1927ஆம் ஆண்டின் அந்தப் படகு அதற்குப் போதுமான சான்று.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மேல்தளத்தில் நடைமுறையில் எஞ்சுவது என்ன? மிரட்டாமல் கேட்கப்படும் ஒரு கேள்வி. மறைக்காமல் சொல்லப்படும் ஒரு பதில். கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்ட இரண்டு கைகள். ஹாமில்டன் கேட்டது இதைத்தான். தீர்ப்புகள் மாறலாம், மாநிலங்கள் புதிய சட்டங்கள் இயற்றலாம். கரையிலிருந்து சில மைல் தள்ளி, சாட்சிக்கு யாருமில்லாத நீரில், இருவரும் உயிரோடு வீடு திரும்புவது இன்னமும் அந்த மரியாதையை நம்பித்தான் இருக்கிறது.